கீறல் விழுந்த சைக்கிள்

ஊர் விட்டு ஊர் மாற்றலாகிப் போகும் குடும்பங்களுக்குப் பழைய சாமான் விற்பது கைவந்த கலை. நாக்பூரில் வாங்கிய கூலரைப் புனேயில் விற்று, புனேயில் வாங்கிய கட்டிலைச் செகந்திராபாத்தில் விற்று, கிரைண்டரை மட்டும் யாருக்கும் கொடுக்க மனமில்லாமல் கூடவே சுமந்து திரிந்தவர்கள் நாம். நம் இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் 'விற்பனைக்கு' பகுதியைப் பார்த்தாலே போதும். எந்த வீட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை வெளிநாடு போய்விட்டான் என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பகுதியில் சமீப காலமாக ஒரு புதுச் சாமான் தலைகாட்டுகிறது. 'மகன் உபயோகித்த டவுன்ஹில் மவுண்டன் பைக், நல்ல நிலையில்' என்று ஒரு வரி. இந்த 'நல்ல நிலையில்' என்ற இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் நான் சொல்ல வருகிறேன். கட்டிலுக்கும் கூலருக்கும் அது போதும். கூலர் மோட்டார் எரிந்தால் ஒரு ராத்திரி வியர்க்கும், அவ்வளவுதான். இந்தச் சைக்கிளுக்கு அது போதாது. வாங்குகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் விற்கிறவர்தான் குறையை முதலில் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சொல்லியும் தீராத குறை இருந்தால் விற்கவே கூடாது. இனாமாகவும் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி வார்த்தைக்காக என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. காரணம் பின்னால் வருகிறது.

முதலில், இது என்ன வண்டி என்று தெரியாத பெற்றோர்களுக்காக. பிள்ளை இரண்டரை லட்சம் கொடுத்து வாங்கிய சைக்கிளில் ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, பெல் கூட இல்லையே என்று நொந்துகொண்ட தகப்பனார்களை நான் அறிவேன். இது ஏறுகிற வண்டி அல்ல, இறங்குகிற வண்டி. மலை உச்சிக்கு ஜீப்பிலோ டெம்போவிலோ ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து பாறையும் வேரும் பள்ளமுமான பாதையில் தலைகுப்புற இறங்குவதற்கென்றே செய்தது. முன் ஃபோர்க் சுமார் 200 மில்லிமீட்டர், அதாவது எட்டு அங்குலம், அமுங்கி எழும். பின் சக்கரத்துக்கும் ஏறக்குறைய அதே அளவு ஷாக் அப்ஸார்பர். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஸீட் தாழ்வாக இருக்கும். எடை 15, 16 கிலோ. இதில் ஏறிக் காய்கறி வாங்கப் போனால் முழங்கால் மோவாயில் இடிக்கும்.

இந்த விளையாட்டின் பூர்வீகம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. 1976-இல் அங்கே சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் ஒரு மலைப்பாதையில் போட்டி போட்டு இறங்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பழங்கால ஹப் பிரேக். ஒரு தரம் இறங்குவதற்குள் ஹப்பில் உள்ள கிரீஸ் புகைந்து போய்விடும்; மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்தது. பட்டறையில் கிரீஸ் அடைத்தே கை கறுத்த எனக்கு இந்தப் பெயர்க் காரணம் மிகவும் பிடிக்கும். 1990-இல் அதே நாட்டில் டுராங்கோ என்ற ஊரில் உலகச் சாம்பியன் போட்டி நடத்துகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. நம் பிள்ளைகள் சஹ்யாத்ரிச் சரிவுகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வதும் இதைத்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் பக்கத்துக் கட்டிடத்து நண்பர் ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். அவர் மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போய்விட்டான். அவன் விட்டுப்போன டவுன்ஹில் சைக்கிள் இரண்டு மழைக்காலமாகக் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்றது. 2019-இல் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு வாங்கியதாகப் பில் இருந்தது. "ஸார், நீங்க மெக்கானிக்கல். ஒரு பார்வை பாத்து விலை சொல்லுங்க" என்றார். நான் பாலிடெக்னிக்கில் மூன்று வருஷ டிப்ளமோ படித்துவிட்டு மத்திய ரயில்வேயில் சேர்ந்து, கோச்சுகளுக்கு அடியில் படுத்தே பெரும்பாலான சர்வீஸைக் கழித்தவன். சைக்கிள் வியாபாரி அல்ல. ஆனாலும் சக்கரம், அச்சு, பேரிங், வெல்டிங் எங்கே இருந்தாலும் கண் அங்கே போய்விடுகிறது.

கழுவித் துடைத்து, தலைகீழாக நிறுத்திப் பார்த்தேன். கீறலும் சிராய்ப்பும் நிறைய. இவற்றைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. விழாத டவுன்ஹில் சைக்கிள் ஓடாத டவுன்ஹில் சைக்கிள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு இல்லை. ஸீட்டைப் பிடித்துத் தூக்கினால் பின்பக்க மூட்டுகளில் லேசாக 'டக்' என்றது. பேரிங் மாற்றினால் போகும். முன் சக்கரத்து ரிம்மில் ஒரு சொட்டை. பிரேக் பிடித்தது. ஆனால் ஹேண்டில் கழுத்துக் குழாயும் கீழ்க்குழாயும் சேருமிடத்தில், வெல்டிங்கின் ஓரமாக, பெயிண்டில் தலைமுடி போல ஒரு கோடு இருந்தது. பெயிண்ட் விரிசலா, உலோக விரிசலா? பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பட்டறைகளில் உபயோகிக்கிற மூன்று டப்பா ஸ்பிரே வாங்கி வந்து சோதித்தேன். முதல் டப்பா சுத்தம் செய்ய. இரண்டாவது சிவப்புச் சாயம். விரிசல் இருந்தால் உள்ளே இறங்கும். துடைத்துவிட்டு மூன்றாவது வெள்ளையை அடித்தால், உள்ளே ஒளிந்திருக்கும் சிவப்பு வெளியே வந்து கோடு போடும். போட்டது. ஏறக்குறைய ஒரு அங்குல நீளம்.

அந்த இடம்தான் ஒவ்வொரு குதிப்பிலும் முன் சக்கரம் வாங்குகிற அடியையெல்லாம் ஏந்துகிற இடம். அது விட்டுப்போனால் ஃபோர்க்கும் சக்கரமும் ஒரு பக்கம், ஓட்டுகிற பிள்ளை ஒரு பக்கம்.

இதற்குள் மராத்திப் பையன் ஒருவன் சைக்கிளைப் பார்க்க வந்துவிட்டான். இருபது வயதிருக்கும். ஃபோர்க்கை இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தான், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான், 90 ஆயிரம் தருகிறேன் என்றான். கழுத்துப் பக்கம் குனியவே இல்லை. நண்பர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அவன் கேக்கலையே ஸார். நாம எதுக்கு வலியப் போய்ச் சொல்லணும்? பழசுன்னு தெரிஞ்சுதானே வாங்குதான்?" என்றார்.

நண்பர் கெட்டவர் அல்ல. இதைப் படிக்கிறவர்களில் பலரும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள். சட்டத்திலும் அவர் கட்சிக்கு இடம் இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் மோசடி என்றால் என்ன என்று விளக்க ஒரு குதிரைக் கதை வருகிறது. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் ஒருவன் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்கிறான். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. வாங்குகிறவள் அவனுடைய மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால், அந்த உறவின் காரணமாகவே சொல்ல வேண்டிய கடமை வந்துவிடுகிறது. வாங்குகிறவன், 'நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லிவிட்டால், அப்போது மௌனமும் பேச்சுக்குச் சமம். நாம் விளம்பரத்தில் 'நல்ல நிலையில்' என்று எழுதிவிட்டு மௌனம் சாதிப்பது இதில் எந்தக் கணக்கில் சேரும் என்று வக்கீல் அன்பர்கள் சொல்லட்டும். எனக்கு அது மௌனமாகவே படவில்லை. வாய் திறந்து பொய் சொன்னதாகவே படுகிறது.

நான் சட்டத்தைவிட அதிகம் நம்புவது உலோகத்தை. உலோகக் களைப்பு என்கிற சாஸ்திரமே ரயில்வே வீட்டுப் பிள்ளை. 1842 மே மாதம் வெர்ஸாயிலிருந்து பாரீஸ் திரும்பிய ரயிலில் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நல்ல இரும்பு ஏன் திடீரென்று முறிகிறது என்ற கேள்வியை எல்லோரும் கேட்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். ஜெர்மானிய ரயில்வே இன்ஜினியர் ஆகஸ்ட் வோலர் 1850-களிலும் 60-களிலும் அச்சுகளைத் திரும்பத் திரும்ப வளைத்துச் சோதித்து ஓர் உண்மையைக் காட்டினார். ஒரு தடவையில் முறிக்க முடியாத சிறிய பளு, லட்சக்கணக்கான தடவை வந்தால் முறித்துவிடும். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குக் கீழே பளு இருந்தால் காலாகாலத்துக்கும் தாங்கும். அலுமினியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சின்ன அடியானாலும் அது கணக்கில் ஏறிக்கொண்டே போகும். டவுன்ஹில் சைக்கிள்களில் பெரும்பாலானவை அலுமினியம். சில கார்பன் ஃபைபர். அலுமினியத்தில் ஒரு தடவை விரிசல் தொடங்கிவிட்டால் அது நிற்காது, வளரும். எப்போது முடியும் என்பதைத்தான் யாரும் சொல்ல முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்கலாம், அடுத்த வருஷமாகவும் இருக்கலாம்.

எங்கள் பட்டறையில் அச்சுக்கு அல்ட்ராசானிக் சோதனை செய்வோம். கண்ணுக்குத் தெரியாத விரிசலைத் திரையில் காட்டும். தேறாத அச்சு ஒன்று கிடைத்தால், பார்ப்பதற்குப் பளபளவென்றுதான் இருக்கும். அதன் மேல் குறி போட்டு, மறந்தும் யாரும் எடுத்துப் பூட்டிவிடாதபடி ஒதுக்கிவிடுவோம். 'இன்னும் ஆறு மாசம் ஓடுமே' என்று எந்த ஃபோர்மேனும் சொன்னதில்லை. அந்த வண்டியில் யார் ஏறப்போகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அதனாலேயே எல்லோரும் நம் வீட்டு மனிதர்கள் என்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பையனைக் கூப்பிட்டு வெள்ளைப் பூச்சின் மேல் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றான். "காகா, இதை நான் பார்க்கவே இல்லையே" என்றான் மராத்தியில். நண்பர் என் மேல் கோபமாக வீட்டுக்குள் போய்விட்டார். 90 ஆயிரம் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

மறுநாள் இரண்டு யோசனைகளோடு வந்தார். ஒன்று, போசரியில் ஆர்கான் வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம். அடைக்கலாம், பார்க்க அழகாகவும் இருக்கும். இந்த ஃபிரேம்களுக்கு உபயோகிக்கிற அலுமினியக் கலவைக்கு, தொழிற்சாலையில் வெல்டிங் ஆன பிறகு முழு ஃபிரேமையும் உலையில் வைத்துப் பதப்படுத்துவதால்தான் பலம் வருகிறது. மறுபடி வெல்டிங் செய்தால் அந்த இடத்துப் பதம் கெட்டுவிடும். அதைத் திரும்பக் கொடுக்கிற உலை சாதாரணப் பட்டறையில் இருக்காது. மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் விரிசலும் தெரியாது, வெல்டிங்கும் தெரியாது. முன்பாவது கண் உள்ளவன் கண்டுபிடிக்கலாம்.

இரண்டாவது யோசனைதான் என்னைத் தூங்கவிடவில்லை. "சரி, விக்க வேண்டாம். நம்ம இஸ்திரிக்காரர் பையனுக்கு இனாமாக் குடுத்துருதேன். ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போகட்டும்" என்றார். மனப்பூர்வமாகச் சொன்னார். அந்தப் பையன் பதின்மூன்று வயது. மாதக்கணக்கில் அந்தச் சைக்கிளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன். கொடுத்திருந்தால் அவன் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

இங்கேதான் நான் பிடிவாதமாக நிற்கிறேன். இலவசம் என்பதால் பொறுப்பு குறைவதில்லை, கூடுகிறது. பணம் கொடுத்து வாங்குகிறவன் நாலு கேள்வி கேட்பான், நாலு பேரை அழைத்து வந்து காட்டுவான், பேரம் பேசுவான். தானம் வாங்குகிற பிள்ளை எதையும் கேட்காது. கேட்டால் மரியாதைக் குறைவு என்று அதன் தகப்பன் அடக்கிவிடுவான். அந்தச் சட்டத்துக் கதையில் வரும் மகளின் இடத்தில் இருப்பவன் இந்தப் பையன்தான். நம் வீட்டுப் பிள்ளையை ஏற்றத் துணியாத வண்டியில் இஸ்திரிக்காரர் பிள்ளையை ஏற்றுவதற்கு எனக்குத் தெரிந்த பாஷைகளில் தர்மம் என்று பெயர் இல்லை. 'ஸ்கூலுக்குத்தானே' என்பதும் செல்லாது. எட்டு அங்குலம் அமுங்குகிற ஃபோர்க்கைக் கையில் கொடுத்துவிட்டு, பதின்மூன்று வயதுப் பையன் படிக்கட்டில் இறக்கிப் பார்க்க மாட்டான் என்று யார் உத்தரவாதம் தருவது?

கடைசியில் ஜெர்மனியிலிருந்து மகனே போனில் தீர்த்து வைத்தான். "அப்பா, ஃபிரேமை வெட்டிருங்க. மத்ததைத் தனித்தனியா வித்துருங்க" என்றான். இரண்டு நிமிஷப் பேச்சு. அதில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிகிறது. நமக்குத்தான் வாதம் தேவைப்படுகிறது.

அப்படியே செய்தோம். ஃபோர்க் 32 ஆயிரம், பின் ஷாக் 11, பிரேக் ஜோடி 9, கியர் சாமான்கள் 6, பின் சக்கரம் 5 என்று 63 ஆயிரம் வந்தது. ஃபோர்க்கை வாங்கியவன் யார் என்கிறீர்கள்? அதே மராத்திப் பையன். பேரமே பேசவில்லை. குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று கேட்பவர்களுக்கு இதை ஒரு பதிலாகச் சொல்கிறேன். எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. 27 ஆயிரம் குறைந்தது நிஜம். நண்பருக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு, நானும் அதை மறைக்கவில்லை. ஃபிரேமை ஹாக்ஸா வைத்து விரிசலின் குறுக்கே இரண்டு துண்டாக அறுத்தேன். பல தரம் விழுந்து எழுந்த ஹேண்டில் பாரையும் அறுத்தேன். அடிபட்ட ஹேண்டில் பாரை விற்பதும் இதே வகைதான். அறுக்காமல் பங்கார்வாலாவிடம் போட்டால் அது வேறு எங்காவது பெயிண்ட் பூசிக்கொண்டு மறுபிறவி எடுக்கும்.

நல்ல நிலையில் உள்ள டவுன்ஹில் சைக்கிளை விற்பவர்களுக்கும் சில வார்த்தைகள். விலையைப் பழைய பில்லை வைத்துப் போடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. புதுசின் விலையைப் பார்த்துத்தான் பழசுக்கு விலை. 2017-இலிருந்து பந்தயங்களில் 29 அங்குலச் சக்கரம் புகுந்துவிட்டதால் 26 அங்குல வண்டிகளுக்கு மவுசு போய்விட்டது. எவ்வளவு புதுசாக இருந்தாலும் சரி. ஃபோர்க்கும் ஷாக்கும் கடைசியாக எப்போது பிரித்து எண்ணெய் மாற்றியது என்று பிள்ளையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரேக்கில் என்ன எண்ணெய் என்பதையும் எழுதுங்கள்: சிலவற்றில் மினரல் ஆயில், சிலவற்றில் கார்களுக்கு ஊற்றுகிற டாட் திரவம். மாற்றி ஊற்றினால் ரப்பர் ஸீல்கள் கெட்டு, பிரேக் கைவிடும். பெடல் அச்சுக்கு அடியில் ஃபிரேமில் பொறித்த நம்பரைப் பில்லோடு ஒத்துப் பார்த்து, இரண்டையும் வாங்குகிறவருக்குக் காட்டுங்கள். திருட்டு வண்டி என்ற பேச்சே வராது. ரயிலில் பார்சல் அனுப்புவதானால், சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டை மடித்துச் செருகுங்கள். வழியில் யாராவது பிரேக்கை அழுத்திவிட்டால் கட்டைகள் ஒட்டிக்கொண்டு, இறக்குகிற இடத்தில் சக்கரம் நுழையாது.

இன்னொரு எச்சரிக்கை. 'பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்' என்று போனில் யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள். பணம் பெற பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் உங்கள் பணம்தான் போகும். ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது என்று உருக்கமாகப் பேசுவார்கள். நமக்கு ராணுவம் என்றால் மனசு இளகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதழ்க் குழுவுக்கு என் வேண்டுகோள், 'விற்பனைக்கு' பகுதியில் சைக்கிள், மோட்டார் சைக்கிள், குழந்தைகளின் கார் ஸீட், காஸ் அடுப்பு போன்றவற்றை விற்பவர்கள் 'நல்ல நிலையில்' என்பதற்குப் பதிலாக 'தெரிந்த குறைகள்' என்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும் என்று வைத்துவிடுங்கள். ஒரு வரிக்கு மேல் கட்டணம் கேட்டாலும் சரி.

முதல் விளம்பரத்தை நானே தருகிறேன். நண்பர் வீட்டு முன் சக்கரம் மட்டும் இன்னும் விற்கவில்லை. டவுன்ஹில் சைக்கிளுக்கானது, 27.5 அங்குலம், 20 மி.மீ. அச்சு, பேரிங் சுத்தம். தெரிந்த குறைகள்: வால்வுக்கு இடப்புறம் ரிம்மில் ஒரு சொட்டை, காற்று பிடிக்கிறது, ஆனால் டியூப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும். விலை 2,500. மாதாந்திரக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லலாம்.